621 வாக்குகள் வாங்கிய பெண்மணி

அமெரிக்காவில் தேர்தல் காலம் வந்துவிட்டால் நம் வீடுகளிலும் அந்தப் பேச்சு வந்துவிடுகிறது. பிள்ளைகள் கைபேசியில் முடிவுகளைப் பார்த்து நமக்கும் சொல்கிறார்கள். அந்தப் பட்டியலில் நாம் முதலில் தேடுவது நமக்குத் தெரிந்த பெயர்களைத்தான். 2006 செப்டம்பரில் மின்னசோட்டாவில் கீத் எலிசன் தம் கட்சியின் வேட்பாளராகத் தேர்வானபோது மகிழ்ந்தோம். 2018 ஆகஸ்டில் மிச்சிகனில் ரஷீதா தலைபும், மின்னசோட்டாவில் இல்ஹான் உமரும் வென்றபோது வாழ்த்துகளைப் பகிர்ந்துகொண்டோம். 2025 ஜூனில் நியூயார்க் மேயர் பதவிக்கான கட்சித் தேர்தலில் ஸொஹ்ரான் மம்தானி முந்தியபோது விடியும்வரை விழித்திருந்து பார்த்த வீடுகளும் உண்டு.

ஆனால் அதே பட்டியலின் அடியில் வேறு சில பெயர்களும் இருக்கும். சில நூறு வாக்குகளே வாங்கியவர்கள். அவர்கள் யார், எதற்காக நின்றார்கள் என்று யாரும் கேட்பதில்லை. நாமும் கேட்பதில்லை. திரையை மேலே தள்ளிவிட்டு வெற்றி பெற்றவரின் படத்தைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

1964 ஜூன் 2 அன்று மிசிசிப்பி மாநிலத்தில் நடந்த அப்படியொரு தேர்தலில் 621 வாக்குகள் மட்டுமே வாங்கித் தோற்ற ஒரு பெண்மணியைப் பற்றி இங்கே பார்ப்போம். அவர் பெயர் ஃபேனி லூ ஹேமர்.

பிரைமரி என்பது என்ன?

நம் நாட்டில் யாருக்கு சீட் என்பதைக் கட்சித் தலைமை முடிவு செய்கிறது. அமெரிக்காவில் அதற்கும் ஒரு தேர்தல் உண்டு. பொதுத்தேர்தலுக்குச் சில மாதங்கள் முன்பு, ஒரே கட்சியைச் சேர்ந்த பலர் தமக்குள் போட்டியிடுவார்கள். அதில் வெல்பவரே கட்சியின் வேட்பாளர். இதைத்தான் பிரைமரி என்கிறார்கள். ஒவ்வொரு மாநிலமும் தனக்கென ஒரு தேதியில் இதை நடத்துகிறது.

அன்றைய தென் மாநிலங்களில் இந்தத் தேர்தலுக்கு இன்னொரு முக்கியத்துவம் இருந்தது. அங்கே ஜனநாயகக் கட்சி ஒன்றுதான் கட்சி. அதன் பிரைமரியில் வென்றவருக்குப் பொதுத்தேர்தல் வெறும் சடங்கு. ஆகவே கறுப்பின மக்களை அரசியலிலிருந்து விலக்கி வைக்க நினைத்தவர்கள் பிரைமரி எனும் கதவைத்தான் பூட்டினார்கள். வெள்ளையர் மட்டுமே வாக்களிக்கும் பிரைமரி செல்லாது என்று 1944-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கதவின் ஒரு பூட்டு உடைந்தது. ஆனால் வாக்காளராகப் பதிவு செய்ய ஒரு பரீட்சை, வாக்களிக்க ஒரு வரி, இரண்டையும் மீறி வந்தால் அடியும் துப்பாக்கியும் என வேறு பூட்டுகள் தொங்கிக்கொண்டிருந்தன.

பருத்திக்காட்டில் ஒரு குழந்தை

1917 அக்டோபர் 6 அன்று மிசிசிப்பியில் ஓர் ஏழைக் குடும்பத்தின் இருபதாவது பிள்ளையாக ஹேமர் பிறந்தார். பெற்றோர் பண்ணையாரின் நிலத்தில் வாரத்துக்குப் பயிரிட்டவர்கள். விளைச்சலில் பாதி பண்ணைக்குப் போகும். விதைக்கும் உணவுக்கும் வாங்கிய கடனைக் கழித்தால் மீதிப் பாதியிலும் கையில் ஒன்றும் நிற்காது. அவருக்கு இரண்டு வயதானபோது குடும்பம் சன்ஃபிளவர் கவுண்டிக்குக் குடிபெயர்ந்தது. ஆறு வயதில் பருத்தி எடுக்கத் தொடங்கினார். இளம்பிள்ளை வாதத்தால் ஒரு கால் வாழ்நாள் முழுதும் சற்று இழுத்தபடியே இருந்தது. பருத்தி வேலை இல்லாத மாதங்களில் மட்டும் நடந்த பள்ளியில் கொஞ்ச காலம் படித்தார். பன்னிரண்டு வயதோடு அதுவும் நின்றது.

ஒருமுறை தந்தை சிறுகச் சிறுகச் சேர்த்துக் கோவேறு கழுதைகள் வாங்கினார். இனி சொந்தக் காலில் நிற்கலாம் என்று குடும்பம் நம்பியது. அதைப் பொறுக்காத ஒருவன் இரவில் தீவனத்தில் நஞ்சைக் கலந்துவிட்டான். கழுதைகள் செத்தன. குடும்பம் மீண்டும் பண்ணையின் கடனுக்குள் விழுந்தது.

ஹேமர் வளர்ந்து, பெர்ரி ஹேமர் என்பவரை மணந்து, ரூல்வில் ஊருக்கு அருகே ஒரு பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தார். எழுதப் படிக்கத் தெரிந்தவர் என்பதால் கூலியாட்களின் நேரத்தையும் பருத்தி எடையையும் குறிக்கும் கணக்குப்பிள்ளை வேலை அவருக்குக் கிடைத்தது. அந்தப் பண்ணையில் 18 ஆண்டுகள் கழிந்தன. 1961-ல் வயிற்றுக் கட்டிக்காக அறுவைச் சிகிச்சைக்குப் போனார். அவரிடம் கேட்காமல், சொல்லாமல், கருப்பையையே அகற்றிவிட்டார்கள். ஏழைக் கறுப்பினப் பெண்கள் பலருக்கு அங்கே இப்படி நடந்தது. பிள்ளைச் செல்வத்துக்காக ஏங்கிய ஒரு பெண்ணுக்கு இதைவிடப் பெரிய அநியாயம் என்ன இருக்க முடியும்? பெற்றோரால் வளர்க்க முடியாத இரண்டு பெண் குழந்தைகளை அவரும் கணவரும் எடுத்து வளர்த்தனர்.

வாக்குரிமை என்று ஒன்று உண்டு

1962 ஆகஸ்டில் ரூல்வில் தேவாலயம் ஒன்றில் மாணவர் இயக்கத்தினர் கூட்டம் நடத்தினார்கள். கறுப்பின மக்களுக்கும் வாக்குரிமை உண்டு என்று ஹேமர் தெரிந்துகொண்டது அங்கேதான். அப்போது அவருக்கு வயது 44. தமக்கு உரிய ஒன்றைத் தமக்குத் தெரியாமலேயே மறைத்து வைத்திருக்கிறார்கள் என்பதை அறிய 44 ஆண்டுகள் ஆயிற்று.

அந்த மாதம் 31-ஆம் தேதி மேலும் 17 பேரோடு ஒரு பழைய பேருந்தில் இண்டியனோலா நகருக்குப் போனார். அங்கே பதிவு அலுவலகத்தில் மாநில அரசியல் சாசனத்தின் ஒரு பிரிவைப் பார்த்து எழுதி, அதற்கு விளக்கமும் எழுதச் சொன்னார்கள். விளக்கம் சரியா தவறா என்பதைப் பதிவாளரே முடிவு செய்வார். அதற்கு மேல் கேள்வி கிடையாது. ஹேமர் தேறவில்லை. திரும்பும் வழியில் காவலர்கள் பேருந்தை நிறுத்தினார்கள். வண்டியின் மஞ்சள் நிறம் பள்ளிப் பேருந்தைப்போல் இருக்கிறதாம். அதற்காக ஓட்டுநருக்கு 100 டாலர் அபராதம்! பேசிக் குறைத்து, இருந்தவர்கள் எல்லாரும் கையிலிருந்ததைப் போட்டுக் கட்டினார்கள். அச்சத்தில் உறைந்திருந்தவர்களை ஹேமர் பாடல்களால் தேற்றினார். அன்றுதான் அவருக்குள் இருந்த தலைவி வெளிப்பட்டார்.

வீடு வந்து சேர்வதற்குள் செய்தி பண்ணையாருக்கு எட்டிவிட்டது. மனுவைத் திரும்பப் பெற வேண்டும், இல்லையேல் பண்ணையை விட்டுப் போக வேண்டும். ஹேமர் அன்றிரவே வெளியேறினார். அறுவடை முடியும்வரை கணவருக்கு வரவும் வழியில்லை. பத்து நாள் கழித்து, செப்டம்பர் 10 இரவு, அவர் அடைக்கலம் தேடிய வீட்டின் மீது 16 குண்டுகள் பாய்ந்தன. அவர் உயிர் பிழைத்தார். மீண்டும் பரீட்சைக்குப் போனார். 1963 ஜனவரியில் தேறினார். வாக்களிக்கப் போனால் இரண்டு ஆண்டு வாக்கு வரி கட்டிய ரசீது எங்கே என்றார்கள். பெயர் பட்டியலில் இருந்தும் வாக்கு இல்லை.

வினோனா சிறை

1963 ஜூன் 9 அன்று ஒரு பயிற்சி முகாமிலிருந்து தோழர்களுடன் திரும்பிக்கொண்டிருந்தார். வினோனா என்ற ஊரில் பேருந்து நின்றபோது, வெள்ளையருக்கென ஒதுக்கி வைத்திருந்த உணவகத்தில் சிலர் போய் அமர்ந்தார்கள். எல்லாரும் கைதானார்கள். சிறையில் அவரைக் குப்புறப் படுக்க வைத்து, கறுப்பினக் கைதிகள் இருவரைக் கட்டாயப்படுத்தித் தடியால் அடிக்கச் செய்தார்கள். ஒருவன் களைத்ததும் மற்றவன். சிறுநீரகம் நிரந்தரமாகப் பழுதடைந்தது. கண்ணில் இரத்தம் உறைந்தது. அவர் சிறையில் கிடந்த நாட்களில்தான், ஜூன் 12 அதிகாலை, உரிமைப் போராளி மெட்கர் எவர்ஸ் ஜாக்சன் நகரில் தம் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அடித்த அதிகாரிகள் மீது வழக்கு வந்தது. வெள்ளையர் மட்டுமே இருந்த நடுவர் குழு அவர்களை விடுதலை செய்துவிட்டது.

இந்த இடத்தில் நமக்கு பிலால் (ரலி) அவர்களின் நினைவும், யாஸிர் குடும்பத்தாரின் நினைவும் வராமல் இருக்காது. அடிப்பவனிடம் கையில் எல்லாம் இருக்கிறது. ஆனால் அடிபடுபவரின் உள்ளத்தில் இருப்பதை அவனால் பிடுங்க முடிவதில்லை.

வேட்பாளர் ஹேமர்

1964 ஜனவரியில் அமெரிக்க அரசியல் சாசனத்தின் 24-ஆவது திருத்தம் நடைமுறைக்கு வந்தது. நாடாளுமன்றம் போன்ற தேசியத் தேர்தல்களில் வாக்கு வரி இனி இல்லை. அந்த வசந்தத்தில் ஹேமர் மிசிசிப்பியின் இரண்டாவது தொகுதியில் ஜனநாயகக் கட்சி பிரைமரிக்கு மனுச் செய்தார்.

எதிரே இருந்தவர் ஜேமி விட்டன். 1941 முதல் அந்தத் தொகுதியின் உறுப்பினர். நாட்டின் வேளாண்மைக்கு எவ்வளவு பணம் என்பதை முடிவு செய்யும் நாடாளுமன்றத் துணைக்குழுவின் தலைவர். ஹேமரிடம் பணமில்லை, வேலையில்லை, அடிபட்ட உடம்பு. அவருக்கு வாக்களிக்க விரும்பியவர்களில் பெரும்பாலோருக்கு வாக்கே இல்லை. வாக்களிக்கும் வயதிலிருந்த கறுப்பின மக்களில் நூற்றுக்கு ஏழு பேர்கூட மிசிசிப்பியில் பதிவாகியிருக்கவில்லை.

அவர் மட்டும் தனியாக நிற்கவில்லை. மூத்த செனட்டர் ஜான் ஸ்டென்னிஸை எதிர்த்து விக்டோரியா கிரே நின்றார். வேறு தொகுதிகளில் ஜேம்ஸ் ஹூஸ்டனும், ஜான் கேமரான் என்ற போதகரும் நின்றார்கள். வெளியுலகம் அறியாத பெயர்கள். நால்வரும் தோற்றார்கள். ஹேமருக்குக் கிடைத்தது 621. ஆனால் அந்த 621-ல் ஒன்று அவருடைய சொந்த வாக்கு. வாழ்நாளில் அவர் போட்ட முதல் வாக்கே தம் பெயருக்குப் போட்டதுதான். மற்ற 620 பேரும் வேலை போகலாம், வீடு எரியலாம் என்று தெரிந்தே சாவடிக்கு வந்தவர்கள்.

முடிவுப் பட்டியல் இதையெல்லாம் சொல்லாது. அதற்கு எண் மட்டுமே தெரியும்.

தோல்விக்குப் பின்

பிரைமரியில் தோற்றவர்கள் வீட்டில் உட்காரவில்லை. கறுப்பினத்தவருக்குக் கட்சியில் இடமில்லை என்பதை நிரூபித்தாயிற்று. இனி அதை நாடறியச் செய்ய வேண்டும். ஏற்கெனவே ஏப்ரலில் தொடங்கியிருந்த மிசிசிப்பி சுதந்திர ஜனநாயகக் கட்சியின் சார்பில் 68 பேர் ஆகஸ்டில் அட்லாண்டிக் சிட்டிக்குப் போனார்கள். அங்கேதான் ஜனநாயகக் கட்சியின் தேசிய மாநாடு. வெள்ளையரை மட்டுமே கொண்ட குழுவுக்குப் பதிலாக எங்களை அமர்த்துங்கள் என்பது கோரிக்கை.

ஆகஸ்ட் 22 அன்று ஹேமர் விசாரணைக் குழுவின் முன் அமர்ந்து, பேருந்து முதல் வினோனா சிறை வரை நடந்ததைச் சொன்னார். தொலைக்காட்சி அதை நேரடியாகக் காட்டிக்கொண்டிருந்தது. அதிபர் ஜான்சனுக்குத் தேர்தல் கவலை. திடீரென்று செய்தியாளர் சந்திப்பை அறிவித்து, கேமராக்களைத் தம் பக்கம் திருப்பினார். பலன் எதிராகவே ஆனது. மாலையில் தொலைக்காட்சிகள் ஹேமரின் சாட்சியத்தை முழு நாட்டுக்கும் மீண்டும் காட்டின. பருத்திக்காட்டுப் பெண்ணின் பேச்சை இலட்சக்கணக்கான வீடுகள் கேட்டன.

கட்சி இரண்டு இடங்கள் தர முன்வந்தது. அந்த இருவர் யார் என்பதையும் கட்சியே சொல்லும். பெரிய தலைவர்கள் பலர் ஏற்றுக்கொள்ளச் சொன்னார்கள். ஹேமரும் தோழர்களும் மறுத்து ஊர் திரும்பினார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து, 1968 சிகாகோ மாநாட்டில் அவர் முறைப்படி பிரதிநிதியாக உள்ளே நுழைந்தபோது அரங்கமே எழுந்து நின்றது.

1964 நவம்பர் பொதுத்தேர்தலிலும் அவர் பெயரை வாக்குச்சீட்டில் சேர்க்க அதிகாரிகள் மறுத்தார்கள். உடனே இயக்கத்தினர் பதிவு, பரீட்சை, வரி எதுவுமில்லாத ஒரு மாதிரித் தேர்தலைத் தாங்களே நடத்தினார்கள். அதில் ஹேமருக்கு 33,009 வாக்குகள். விட்டனுக்கு நூறுகூட இல்லை. ஜூனில் 621, நவம்பரில் 33,009. மக்கள் அதே மக்கள்தான். இடையில் இருந்தது அந்தப் பூட்டு மட்டுமே.

இந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு 1965 ஜனவரி 4 அன்று அவர்கள் நாடாளுமன்றத்துக்கே போனார்கள். மிசிசிப்பி உறுப்பினர்களை அமர்த்தக் கூடாது என்று 149 உறுப்பினர்கள் அன்று வாக்களித்தார்கள். செப்டம்பரில் 228-க்கு 143 என்ற கணக்கில் அந்த முறையீடு தள்ளுபடியானது. ஹேமர், விக்டோரியா கிரே, ஆனி டிவைன் மூவரும் அன்று அவையினுள் அமர்ந்திருந்தார்கள். முறையீடு தோற்றது. ஆனால் அதற்கு ஒரு மாதம் முன்பு, 1965 ஆகஸ்ட் 6 அன்று, வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தாகியிருந்தது. அலபாமாவின் செல்மாவிலும் மிசிசிப்பியிலும் பலர் சிந்திய இரத்தத்தின் பலன் அது. அந்தப் பலரில் ஹேமரும் ஒருவர். 1967-க்குள் மிசிசிப்பியில் பதிவான கறுப்பின வாக்காளர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 60 ஆனார்கள்.

ஹார்லெமில் ஒரு சந்திப்பு

நம் வாசகர்கள் அறிய வேண்டிய ஒரு நிகழ்ச்சியும் இந்த இடைவெளியில் நடந்தது. 1964 செப்டம்பரில் ஹேமர் தோழர்களுடன் மேற்கு ஆப்பிரிக்காவின் கினி நாட்டுக்குப் போனார். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடு. அதிபர் செக்கு தூரே அவர்களை வரவேற்றார். தம்மைப்போன்ற நிறமுடையவர்கள் அரசாள்வதையும் வங்கி நடத்துவதையும் ஹேமர் அங்கேதான் முதன்முதலாகக் கண்டார்.

அதே ஆண்டு டிசம்பர் 20 அன்று நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் அவர் பேசிய கூட்டத்தில் மால்கம் எக்ஸ் என்ற அல்ஹாஜ் மாலிக் அல்ஷபாஸ் அவர்களும் இருந்தார்கள். ஹஜ்ஜை நிறைவேற்றி, மனிதகுலம் முழுவதையும் புதிய கண்ணோடு பார்க்கத் தொடங்கியிருந்த ஆண்டு அது. ஒரு பெண் சிறையில் பட்ட அடியைக் கேட்டு அவர் மனம் கொதித்துப் பேசினார். அன்று மாலை தம்முடைய கூட்டத்துக்கும் ஹேமரை அழைத்து மேடையேற்றினார். இரண்டே மாதத்தில், 1965 பிப்ரவரி 21 அன்று, மால்கம் அவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

ஹேமர் கிறிஸ்தவ நம்பிக்கையில் வாழ்ந்து அதிலேயே மறைந்தவர். அவருடைய கொள்கை வேறு, நம்முடையது வேறு. ஆனால் அநியாயத்துக்கு எதிராக நிற்பதில் முன்மாதிரியை எங்கே கண்டாலும் மதிக்க நமக்கு வழிகாட்டுதல் உண்டு. நபித்துவத்துக்கு முன் மக்காவில், வஞ்சிக்கப்பட்ட ஒரு வெளியூர் வணிகருக்காகக் குறைஷியர் சிலர் கூடி ஹில்ஃபுல் ஃபுளூல் என்ற உடன்படிக்கை செய்தார்கள். அதில் பங்கேற்ற நபி (ஸல்) அவர்கள், இஸ்லாம் வந்த பிறகும் அப்படியோர் அழைப்பு வந்தால் ஏற்பேன் என்ற கருத்தில் அதை நினைவுகூர்ந்தார்கள்.

கடைசி ஆண்டுகள்

வாக்கு கிடைத்தால் மட்டும் வயிறு நிறைந்துவிடாது என்பதை ஹேமர் நன்கு அறிந்திருந்தார். வளர்ப்பு மகள் ஒருத்தி 1967-ல் சத்துக்குறைவாலும் உரிய நேரத்தில் மருத்துவம் கிடைக்காமலும் இறந்தாள். 1969-ல் ஹேமர் 40 ஏக்கரில் ஒரு கூட்டுறவுப் பண்ணையைத் தொடங்கினார். அது 600 ஏக்கருக்கு மேல் வளர்ந்தது. வேலை இழந்த குடும்பங்கள் அங்கே காய்கறி பயிரிட்டு உண்டன. பணமுடையாலும் வெள்ளம், வறட்சியாலும் சில ஆண்டுகளில் அதுவும் கைவிட்டுப் போனது. 1971-ல் மாநில மேலவைக்கு நின்று மீண்டும் தோற்றார். 1977 மார்ச் 14 அன்று, 59 வயதில், மவுண்ட் பேயூ மருத்துவமனையில் புற்றுநோயால் இறந்தார். பதவி இல்லை, செல்வம் இல்லை.

அவரைத் தோற்கடித்த விட்டன் 1995 வரை நாடாளுமன்றத்தில் இருந்தார். ஆனால் எல்லைகள் மாற்றி வரையப்பட்ட அதே இரண்டாம் எண் தொகுதியில் 1986-ல் மைக் எஸ்பி என்ற கறுப்பின இளைஞர் பிரைமரியிலும் வென்றார், பொதுத்தேர்தலிலும் வென்றார். ஹேமரின் ரூல்வில் ஊரும் அந்தத் தொகுதிக்குள்தான் இருந்தது. 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு தன் உயரிய குடிமக்கள் விருதை மறைந்த ஹேமருக்கு வழங்கியது.

நமக்கு இதில் என்ன?

சில நூறு வாக்குகள் வாங்கும் எல்லாரும் ஹேமர் அல்லர். பெயருக்காக நிற்பவர்களும் உண்டு, பிறர் வாக்கைப் பிரிக்கப் பணம் பெற்று நிற்பவர்களும் உண்டு. அவரவர் நிய்யத்தை அல்லாஹ் அறிவான். ஆனால் எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒருவரை எடைபோடும் பழக்கம் மார்க்கம் நமக்குக் கற்றுத் தந்ததல்ல. நூஹ் (அலை) அவர்கள் 950 ஆண்டுகள் தம் சமூகத்தாரிடையே வாழ்ந்து அழைத்தும் ஏற்றவர்கள் சிலரே. மறுமையில் ஓரிருவர் மட்டும் உடன் வர நிற்கும் நபிமார்களும், ஒருவருமே இல்லாமல் நிற்கும் நபிமார்களும் இருப்பார்கள் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். அவர்கள் தோற்றவர்களா என்ன?

வாக்கு என்பது ஒருவகையில் சாட்சியம் என்று நம் உலமாக்கள் விளக்குவதுண்டு. நீதிக்காக அல்லாஹ்வின் சாட்சியாளர்களாக நில்லுங்கள் என்று அந்நிஸா அத்தியாயம் நம்மைப் பணிக்கிறது. சாட்சியத்தை மறைப்பவரின் உள்ளம் பாவத்துக்குரியது என்று அல்பகரா எச்சரிக்கிறது. சாட்சி சொல்பவர் தீர்ப்பு தமக்குச் சாதகமாக வருமா என்று கணக்குப் பார்த்துவிட்டு வாய் திறப்பதில்லை. கண்டதைச் சொல்வது அவர் கடமை, அத்தோடு அவர் பொறுப்பு முடிந்தது. ஹேமர் செய்ததும் அதுதான்.

ஆகவே வாக்காளர் பட்டியலில் நம் பெயரும், நம் வீட்டுப் பெண்களின் பெயரும், 18 வயது நிரம்பிய பிள்ளைகளின் பெயரும் இருக்கின்றனவா என்று பார்ப்போம். எப்படியும் தோற்கப் போகிறவருக்கு எதற்கு ஓட்டு என்ற பேச்சை நம் வீடுகளிலிருந்து அகற்றுவோம். அடுத்த முறை முடிவுகள் வரும்போது, பட்டியலின் அடியில் இருக்கும் பெயரையும் பிள்ளைகளுக்குக் காட்டி, இவர் ஏன் நின்றார் என்று தேடிப் பார்க்கச் சொல்வோம்.

வெற்றியும் தோல்வியும் அல்லாஹ்வின் கையில். சத்தியத்தின் பக்கம் நிற்பதும் அதற்குச் சாட்சி சொல்வதும் நம் கையில். அந்தச் சாட்சியத்தை அஞ்சாமல் நிறைவேற்றும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.